அப்பாவின் கான்டசாவை விற்பதற்கு முன்

அன்புள்ள தம்பிமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பயர் ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் அச்சகமும் வத்தல் மண்டியும் நடத்திய உங்கள் அப்பாக்கள் ஒரு காலத்தில் ஆசையோடு வாங்கிய கான்டசா கார் இன்று உங்கள் பொறுப்பில் நிற்கிறது. சில வீடுகளில் ஷெட்டுக்குள், சில இடங்களில் குடோன் ஓரத்தில், சில இடங்களில் வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் மூடி. தீபாவளி வசூல் முடிந்து கணக்குப் பார்க்கும் நாட்களில் "அந்த வண்டியை என்ன செய்யலாம்?" என்ற பேச்சு வருகிறது. காயலான் கடைக்காரர் இரும்பு எடைக்கு விலை சொல்கிறார். புரோக்கர் வந்து சினிமாக்காரர்கள் கேட்கிறார்கள் என்கிறார். உங்களில் பலர் என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஓட்ட மனமும் வசதியும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால், ஓட்டப்போகிற ஒருவரிடம் முழு வண்டியாகக் கொடுத்துவிடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் சும்மா நிறுத்தி வைப்பதில்தான் பணமும் வீண், வண்டியும் வீண்.

முதலில் வண்டியின் பூர்வீகத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1972-இல் விக்டர் காரின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. நீண்ட பயணத்துக்கான கார் என்று காட்டுவதற்காக அதை 'டிரான்ஸ்கான்டினென்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். நீண்ட மூக்கு, பின்சக்கர இயக்கம், கால் நீட்டி உட்கார இடம், பெரிய டிக்கி. 1978-இல் அங்கே அதன் உற்பத்தி நின்றது. அச்சுகளையும் கருவிகளையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, கல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவுக்குக் கொண்டுவந்து, 1984-இல் கான்டசா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனது அதே கல்கத்தாவுக்குத்தான். நம் ஊருக்குத் தொழில் வந்த திசையிலிருந்தே அறுபது வருடம் கழித்து இந்தக் காரும் வந்தது.

வந்த வேகத்தில் அதன் பெயர் கெட்டதற்குக் காரணம் எஞ்சின். அம்பாசடரில் இருந்த 1,489 சி.சி. எஞ்சினையே இந்தக் கனமான உடம்புக்குள்ளும் வைத்தார்கள். அந்த எஞ்சினின் சக்தி ஐம்பது குதிரைத்திறன் அளவுதான். ஏசி போட்டு நான்கு பேர் ஏறினால் வண்டி திணறியது. "பார்க்க ராஜா, ஓட்டினால் மாட்டு வண்டி" என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. சக்தி 88 குதிரைத்திறனை எட்டியது. வண்டி அடியோடு மாறியது; மக்கள் வாயில் இருந்த பேச்சு மாறவில்லை. பின்னால் வந்த டீசல் வண்டிகள் மெதுவானவை என்பது உண்மை. ஆனால் இசுசு பெட்ரோல் கான்டசாவை ஓட்டிப் பார்க்காமலே 'குண்டு வண்டி' என்று ஒதுக்குகிறவர்களின் பேச்சை நீங்கள் கேட்காதீர்கள். இந்த நாட்டில் செய்யப்பட்ட கார்களில் நெடுந்தூரப் பயணத்துக்கு இதைப்போல் அமைந்தவை மிகக் குறைவு. அதற்கு உரிய மதிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

சந்தேகம் இருந்தால் ஆனி, ஆடிச் சாரல் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குற்றாலத்துக்கு எடுத்துப் போங்கள். ராஜபாளையம் நெரிசலைத் தாண்டியதும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ரோடு மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகும். ஐந்தாவது கியரில், எழுபது எண்பதில், எஞ்சின் சத்தம் பேச்சை மறைக்காது. ரோட்டில் உள்ள மேடு பள்ளம் முதுகுக்கு வந்து சேருவதற்குள் பாதி கரைந்துவிடும். ஸ்டியரிங் கனமாக இருக்கும். திருப்பத்தில் வண்டி கொஞ்சம் சாயும். அவசரப்பட்டால் உங்களுக்கும் வண்டிக்கும் ஒத்துப்போகாது. முந்துவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும், பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும். இந்த நிதானத்துக்கு நாம் வந்துவிட்டால் தென்காசி வந்து சேரும்போது களைப்பு இருக்காது. பின் சீட்டில் உட்கார்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்றைய எந்த நடுத்தர விலைக் காரிலும் இப்படி உட்கார்ந்து வரவில்லை என்பார்கள். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று போகும் நான்குவழிச் சாலையில் புதிய கார்கள் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். போகட்டும்.

ஒரு தலைமுறைக்கு இந்தக் கார் என்னவாக இருந்தது என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. அம்பாசடர் அரசாங்கத்தின் வண்டி, கான்டசா சொந்த உழைப்பில் மேலே வந்தவரின் வண்டி என்று ஊரில் ஒரு கணக்கு இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வாங்குவார்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2016 தேர்தலில் கொடுத்த சொத்துப் பட்டியலிலும் 1990 மாடல் கான்டசா ஒன்று இருந்தது. பிறகு மாருதி எஸ்டீமும் தேவூ சியலோவும் வந்தன. எடை குறைவு, பெட்ரோல் மிச்சம், சர்வீஸ் சுலபம் என்று ஊர் அந்தப் பக்கம் திரும்பியது. அதில் தவறு சொல்ல முடியாது. 2002-இல் கான்டசா உற்பத்தி நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையும் வேலையை நிறுத்திவிட்டது.

இதைவிட வேகமாக மறைந்த இன்னொரு காரையும் சொல்ல வேண்டும். அது நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டது. சென்னை வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை வெளியிட்டது. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று தேர்வான ரோவர் எஸ்.டி.1-இன் உடம்பு அது. அதற்குள் வைத்ததோ பழைய வான்கார்ட் கார் வழிவந்த 1,991 சி.சி. எஞ்சின். விலை அதிகம், வேகம் போதாது; சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றது. அப்படி ஒரு அழகான கார் தமிழ்நாட்டில் தயாரானது என்பதே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. கொஞ்ச வண்டிகள், சிதறிய உரிமையாளர்கள், சேர்த்து வைக்காத உதிரி பாகங்கள்: அதற்கு நேர்ந்தது இதுதான். கான்டசாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வரவிடாமல் தடுக்க நம் வட்டாரத்துக்கு இருக்கிற வசதி வேறு ஊர்களுக்கு இல்லை.

நம் வெயிலைத்தான் சொல்கிறேன். பட்டாசு காய்வதற்கும் தீக்குச்சி காய்வதற்கும் எந்த வறட்சி உதவியதோ அதே வறட்சி காரின் தகட்டையும் காப்பாற்றுகிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல் காற்று கதவின் அடிப்பகுதியையும் டிக்கித் தரையையும் தின்றுவிடும். நம் பக்கத்து வண்டிகளில் தரைத்தகடு இன்னும் முழுசாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது வசதி, கைகள். ஜெர்மனியிலிருந்து பழசாக வாங்கி வந்த ஆப்செட் மெஷின்களை முப்பது நாற்பது வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும் ஊர் சிவகாசி. பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போடுவார்கள். அச்சு ரோலருக்கு ரப்பர் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சஸ்பென்ஷன் புஷ் கிடைக்காமல் அலைந்தபோது, பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்து ஒரு ரப்பர் பட்டறையில்தான் செய்து வாங்கினேன். இன்றுவரை அதே புஷ்தான் ஓடுகிறது.

இனி செலவு. இதில் உங்களுக்கு ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

முதல் செலவு காகிதம். பதினைந்து வருடம் ஆன கார் ஓட்டக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துப் பெட்ரோல் கார்களுக்கு வந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. இந்தக் கட்டணம் ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. கடைசியாக வந்த கான்டசாவுக்கே இருபது வயது கடந்துவிட்டதால் நம் வண்டி எல்லாமே இதற்குள் வரும். கிரீன் டாக்ஸ் தனி. தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் என்றும் விதி சொல்கிறது. ஐந்து வருடம் கவனிக்காமல் விட்டால் அதுவே 30,000. தார்ப்பாய்க்கு அடியில் பணம் வீண் என்று மேலே சொன்னது இதைத்தான். வாரிசுப் பெயருக்கு மாற்றாமல் அப்பா பெயரிலேயே ஆர்.சி. இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். அவரில்லாத வீடுகளில் இதை முதல் வேலையாக முடியுங்கள்.

'வின்டேஜ்' பதிவு வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று ஒரு தங்கை கேட்டார். 2021-இல் வந்த அந்த விதி ஐம்பது வயது ஆன வண்டிகளுக்கு மட்டும். முதல் கான்டசாவுக்கே 2034-இல்தான் அந்த வயது வரும். அதோடு வின்டேஜ் பதிவுள்ள காரைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஓட்டுவதற்காக வைத்திருக்கிற நமக்கு அது எதற்கு?

இன்ஷூரன்ஸில் இசுசு எஞ்சின் வண்டி 1,500 சி.சி.க்கு மேல் வருகிறது. 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய், வரி தனி. பழைய 1,489 சி.சி. எஞ்சின் வண்டிக்கு 3,416. சொந்த வண்டிக்குச் சேதம் வந்தால் ஈடு தரும் பாலிசி இந்த வயதில் கிடைப்பது கடினம்; கிடைத்தாலும் அவர்கள் போடும் மதிப்பு ஒரு பக்கத் தகட்டைச் சரிசெய்யவும் போதாது. ஓட்டுகிறவரின் கவனத்தைத்தான் இதில் நம்ப வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். ஏசி போட்டு ஊருக்குள் சுற்றினால் அதற்கும் கீழே. இது கையைக் கடித்தாலும் கணக்கில் அடங்குகிற செலவு. அதைவிடக் கவலை தருவது இப்போது பங்க்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் டேங்க்கில் துரு பிடிக்கும், கார்புரேட்டரின் உள்ளே வெள்ளைப் படிவு கட்டும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறும், வெடிப்பு விடும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசியும். மருந்து அறையில் சிறு உராய்வுக்கே நாம் எவ்வளவு அஞ்சுவோமோ அவ்வளவு அச்சம் இந்த ஹோஸ் விஷயத்தில் வேண்டும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியின் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். செலவு சில ஆயிரம்தான். நெருப்பின் குணம் தெரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் கோர் முழுக்க அடைத்துவிடும். சித்திரை வெயிலில் வண்டி ஹீட் ஆகி ஹெட் கேஸ்கட் போனதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உதிரி பாகம் என்றதும் எல்லோரும் எஞ்சினை நினைத்து பயப்படுகிறார்கள். எஞ்சின் பாகம் அவ்வளவு பிரச்சினை இல்லை. அதே இசுசு 1.8 எஞ்சின் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். வண்டியிலும் வந்தது, அதற்கு முந்தைய எஞ்சினும் அம்பாசடருடையதே. தேடினால் கிடைக்கும், கிடைக்காததை லேத்தில் ஈடுகட்டலாம். உண்மையான தட்டுப்பாடு கண்ணாடியிலும் பீடிங்கிலும் பின் விளக்கிலும் டேஷ்போர்டிலும். முன் கண்ணாடி உடைந்தால் வண்டி பல மாதம் நிற்கும். கதவு பீடிங் போனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, நம் வெயில் காப்பாற்றித் தந்த தரைத்தகட்டைக் கெடுக்கும். டிங்கரிங், பட்டி, பெயின்டிங் என்று முழு வண்டியையும் எடுத்தால் லட்சங்கள் ஆகும். அவ்வளவு செலவழித்தும் அந்தப் பணம் விற்கும்போது திரும்பி வராது. முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதில் லாபம் பார்க்கிறவர்கள் இடையில் கைமாற்றிவிடுகிறவர்கள்தான்.

வெளியூரில் பெரிய பட்டறையில் விட்டு வாங்கலாம் என்று போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தபோது என் கார்புரேட்டர் அதில் இல்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது. "அண்ணாச்சி, இது நம்ம வண்டியோடது இல்ல" என்று பானெட்டைத் திறந்த உடனே கண்டுபிடித்தவர் நம் ஊர் மெக்கானிக்தான். அவரைப் போன்றவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். இந்தக் காரைக் காதால் கேட்டே டியூன் பண்ணத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பணம் கொடுத்தாலும் கிடைக்காதது என்று ஒன்று உண்டென்றால் அது இந்த அனுபவம்.

தம்பிமார்களிடம் ஒரு கோரிக்கை. எஞ்சினை எடுத்துவிட்டு வேறு டீசல் எஞ்சின் போட்டால் மைலேஜ் கிடைக்கும் என்று சிலர் செய்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அது இல்லாவிட்டால் அடுத்த முறை எஃப்.சி.யில் நிற்க வேண்டியதுதான். சட்டத்தை விடுங்கள். இசுசு எஞ்சினும் அந்த ஐந்து கியரும் பொருந்தி ஓடுவதுதான் இந்தக் கார். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கூடு மட்டும். எஞ்சினை எடுக்க வேண்டுமென்று தோன்றும் நாளில் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து பேரியம் இல்லாமல் வெடி செய்வது, பசுமைப் பட்டாசு, டெல்லித் தடை என்று பயர் ஆபீஸ்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். சம்பளப் பட்டுவாடாவுக்குப் பணம் புரட்ட வேண்டிய வாரத்தில் அப்பாவின் காரை விற்றால் அதில் அவருக்கு எந்த அவமரியாதையும் இல்லை. உழைத்தவர்களுக்குக் கூலி கொடுத்த பிறகுதான் அவரும் இந்தக் காரை வாங்கியிருப்பார். ஆனால் விற்கும்போது துண்டு துண்டாக விற்காதீர்கள். கண்ணாடி ஒருவருக்கு, எஞ்சின் ஒருவருக்கு, தகடு காயலான் கடைக்கு என்று பிரித்தால் ஒரு நல்ல வண்டி செத்துப்போகிறது. முழு வண்டியாக, ஆர்.சி. புக்கோடும், அப்பா வாங்கி வைத்த பழைய பில்களோடும், பரண் மேல் கிடக்கிற ஸ்பேரோடும், ஓட்டுவேன் என்கிறவருக்குக் கொஞ்சம் விலை குறைத்தே கொடுங்கள்.

வைத்துக்கொள்கிறவர்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். இந்த வாரமே ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஷெட்டில் என்னென்ன ஸ்பேர் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, நம் வட்டாரத்துக் கான்டசாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்படி கொடுங்கள். ஒருவரிடம் இரண்டு பின் விளக்கு இருக்கும், இன்னொருவர் அதற்காகவே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார். முன் கண்ணாடியும் பீடிங்கும் பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் செய்து தர ஆள் கிடைப்பார்கள். தனி ஆளாகக் கேட்டால் யாரும் அச்சு போட மாட்டார்கள். மூன்றாவது, உங்கள் மெக்கானிக் அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து கார்புரேட்டர் செட்டிங்கிலிருந்து வால்வு இடைவெளி வரை அவர் செய்வதைப் போனில் வீடியோவாக எடுத்து வையுங்கள். படித்த பிள்ளைகள் நீங்கள், இது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை.

ஆடிப்பெருக்குக்கு சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியீடு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் வரை சேர்ந்து போகலாம் என்று சிலர் பேசியிருக்கிறோம். ஓடுகிற நிலையில் வண்டி வைத்திருப்பவர்கள் வாருங்கள். ஓடாத வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பேர் பட்டியலோடு வாருங்கள், திரும்பி வரும்போது உங்களுக்கு எங்கள் வண்டிகளில் இடம் உண்டு.

அன்புடன்,
உங்களில் ஒரு மூத்த கான்டசாக்காரர்,
விருதுநகர்